விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

எங்கள் வீட்டுத் தரைக்கு அடியில்தான் தபால் ஆபீஸ். "ஆபீஸ் மாடியில குடியிருக்கோம்" என்பார் அப்பா. "வீட்டுக்குக் கீழ ஆபீஸ் நடக்குது" என்பாள் அம்மா. இரண்டும் ஒன்றுதானே என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். ஒன்றில்லை என்று புரிவதற்குள் எனக்கு முப்பது வயதாகிவிட்டது, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாந்தோமில், கடலைப் பார்த்துத் திரும்பும் ஒரு தெருவின் முனையில் இருந்தது அந்தக் கட்டடம். அப்பா அங்கே சப் போஸ்ட்மாஸ்டர். அந்த வேலைக்கு வருகிறவர் குடும்பத்தோடு மாடியிலேயே தங்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ ஏற்பாடு. காலையில் மாதா கோயில் மணி காதில் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே கடிதங்களின் மேல் முத்திரை குத்தும் சத்தம் காலில் கேட்கும். டொக், டொக், டொக். பாயில் படுத்திருந்தால் முதுகில் கேட்கும். என் தம்பி, எட்டு மாதக் குழந்தை, அந்தச் சத்தத்துக்குத்தான் தூங்குவான். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தம் இல்லாததால் அம்மாவின் உயிரை வாங்குவான்.

அப்பாவுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் இருந்தது சாதாரணப் பாசம் இல்லை. ஒரே ஒரு ஸ்டாம்ப் வாங்க வந்தவரைக்கூட நிற்கவைத்துக் கதை சொல்லுவார். வாசலில் அத்தனை அகலமான வளைவுகள் ஏன் தெரியுமா சார், தபால் மூட்டையோடு குதிரை வண்டி நேரே உள்ளே வருவதற்கு. சுவரில் அந்த இரும்பு வளையங்கள் குதிரையைக் கட்ட. (எனக்குத் தெரிந்து அதில் தபால்காரரின் சைக்கிள்தான் கட்டியிருந்தது.) அதற்கும் முன்னால் இது கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் பள்ளி. கவுண்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு மாடம் இருக்கும், அதில்தான் மாதா சுரூபம் இருந்ததாம். இப்போது பசை டப்பா. அதற்கும் முன்னால் ஒரு போர்த்துகீசிய வியாபாரியின் கிடங்கு. இதற்கெல்லாம் என்ன ஆதாரம் என்று யாராவது கேட்டால் சுவரைத் தட்டிக் காட்டுவார். சுவர் என்ன சொல்லும்? கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

ஆனால் சுவர் அழகான சுவர், அதை மறுக்க மாட்டேன். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து தேய்த்துத் தேய்த்துப் பூசியது என்பார் அப்பா. மே மாத வெயிலில் பள்ளியிலிருந்து வந்ததும் அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவு குளிர்ச்சி. தலைக்கு மேல் தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். எங்கள் வீட்டுத் தரையும் அப்படித்தான், கூரையும் அப்படித்தான். சிமெண்ட் என்பதே அந்தக் கட்டடத்துக்குத் தெரியாது.

அம்மாவுக்கும் சுவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. ஓதம். உப்பு. மழை வந்தால் ஐந்து இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். பக்கத்து மனையில் அபார்ட்மெண்ட் கட்ட ஆழமாகப் பள்ளம் தோண்டினார்கள். அந்த வருடம் மழையும் விடாமல் அடித்தது. மழை நின்றதும் பார்த்தால், கீழே வாசல் வளைவின் உச்சியிலிருந்து கிளம்பிய ஒரு விரிசல் மாடிப்படிச் சுவரில் ஏறி எங்கள் படுக்கை அறைக்குள் வந்துவிட்டது. விரிசல் வந்ததும் கூரையிலிருந்து சுண்ணாம்புக் கட்டிகள் உதிர ஆரம்பித்தன. ஒருநாள் என் தலையணையில் ஒன்று கிடந்தது.

"சேசுவே! பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு இதுக்குக் கீழ எப்படிங்க படுக்குறது? வேற எங்கயாவது குவார்ட்டர்ஸ் கேளுங்க" என்றாள் அம்மா.

"சுண்ணாம்புன்னா உதிரத்தான் செய்யும். இந்த பில்டிங் நம்ம எல்லாரையும் கல்லறைக்கு அனுப்பிட்டு அப்புறம்தான் விழும்" என்று சிரித்தார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. கிழிந்துபோன பழைய தபால் பை ஒன்றைப் பிரித்து, தொட்டிலுக்கு மேலே நான்கு மூலையிலும் கயிறு கட்டிப் பந்தல் மாதிரி மாட்டினாள். சர்க்கார் சொத்தை இப்படிக் கட்டித் தொங்கவிடலாமா என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகுதான் கட்டடம் பார்க்கிற இன்ஜினியர் வந்தார். குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். விரிசலைத் தடவிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். பையிலிருந்து விரல் அகலக் கண்ணாடித் துண்டுகள் மூன்றை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே பாலம் போட்ட மாதிரி, இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டினார். ஒன்று கவுண்டர் ஹாலில், ஒன்று படிச்சுவரில், ஒன்று எங்கள் படுக்கை அறையில். சாந்து ஈரமாக இருக்கும்போதே அதில் தேதியைக் கீறினார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "இது கண்ணாடி இல்ல பாப்பா, வாட்ச்மேன். சுவர் நகர்ந்தா இது காட்டிக்கொடுத்துடும்" என்றார். மூன்று மாதம் கழித்து வருவார். கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசலை அடைத்துப் பூசிவிட்டு ஆபீஸ் அங்கேயே நடக்கும். சுவர் நகர்ந்து கண்ணாடி உடைந்திருந்தால் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருடைய கண்ணும் கண்ணாடி மேலேயே. கவுண்டரைத் திறப்பதற்கு முன்னால் அப்பா மூன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பூசைக்குப் போனால் அவர் எதற்காக வேண்டிக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதற்காகவேதான் வேண்டிக்கொண்டேன். அம்மா எதற்காக வேண்டிக்கொள்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு கஷ்டம் வந்தது. அந்த வருடம் எங்கள் வகுப்பில் எல்லாரும் ஸ்கிப்பிங் பைத்தியம் பிடித்து அலைந்தோம். தவறாமல் நூறு எண்ணுகிறவள்தான் வகுப்புக்கே ராணி. நான் எழுபதிலேயே தடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டு ஹாலில் பழகலாம் என்றால் தபால்காரர் கீழேயிருந்து குரல் கொடுப்பார். "இன்னா பாப்பா, மேல குதிச்சிக்கினே கீறியே, இங்க எங்க தலைல மண்ணு கொட்டுது! பில்டிங்க இடிச்சுட்டுதான் வுடுவியா?" அப்பாவும் ஒருநாள் கயிற்றைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்துவிட்டார். "குதிக்கக் கூடாது. தரை ஆடினா கண்ணாடி உடைஞ்சிடும். உடைஞ்சா நாம இங்க இருக்க முடியாது, தெரியுதா?" தெரிந்தது. மூன்று மாதமும் பூனை மாதிரி நடந்தேன்.

இன்ஜினியர் வருவதற்கு மூன்று நாள் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வந்தபோது அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தாள். ஆபீசில் கூட்டம், தபால்காரர் இல்லை. இதுபோலச் சமயம் இனி வாய்க்காது என்று நாற்காலி போட்டுக் கயிற்றை எடுத்தேன். ஹாலில் நின்று குதித்தேன். எழுபது தாண்டியது, எண்பது தாண்டியது, நூறும் வந்தது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையிலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. கயிற்றை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.

ஆபீசைப் பூட்டிவிட்டு மேலே வந்த அப்பா, சட்டையைக் கழற்றப் படுக்கை அறைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரில் சாந்து மட்டும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் கையாவது பட்டுச்சா?" என்று கேட்டார்.

"புள்ள பின்னாடியே ஓடுறேன், நான் எதைப் பார்த்தேன்" என்றாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. நூறு குதித்தேனே, ஐயோ, எழுபதோடு நிறுத்தியிருந்தால் உடைந்திருக்காதோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனம். முழங்காலிட்டு, எப்போதும் சொல்கிற பொய், கோபம், அம்மா பேச்சைக் கேட்காதது எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்துவிட்டு, "தபால் ஆபீசை உடைச்சிட்டேன் ஃபாதர்" என்றேன். தபால் பெட்டியையா என்று கேட்டார். பெட்டி இல்லை, கட்டடம் என்றேன். ஸ்கிப்பிங் கதையைக் கேட்டு அவர் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது, பெரிய அவமானமாக இருந்தது. குதிப்பது பாவமில்லை, மறைப்பதுதான் தப்பு, அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வளாகத்தில் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "கண்ணாடிய நான்தான்பா உடைச்சேன்" என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா என்னை அப்படியே தூக்கிக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை, அத்தனை பேர் நடுவில்! "நீயா? நீதானா? நெஜமாவா? அட என் ராஜாத்தி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் வாசலில் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்ததால் யோசிக்கவும் இல்லை. எப்படி உடைத்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை இன்ஜினியர் வந்தார். மற்ற இரண்டு கண்ணாடிகளும் முழுசாக இருந்தன. படுக்கை அறையில் சாந்தைப் பார்த்தார், அம்மா ஒரு மூலையில் கூட்டி வைத்திருந்த துண்டுகளைப் பார்த்தார். அப்பா என்னை முன்னால் நிறுத்தினார்.

"சுவர் ஒண்ணும் நகரல சார். புள்ளைங்க இருக்குற வீடு, கை பட்டுடுச்சு. நீயே சொல்லும்மா, பயப்படாத."

"நான்தான் உடைச்சேன்" என்றேன்.

"எதால உடைச்ச?"

"ஸ்கிப்பிங்."

"கயிறு பட்டுச்சா?"

"இல்ல சார். ஹால்ல குதிச்சேன். நூறு."

"ஹால்லயா? கண்ணாடி இங்கதான இருந்துச்சு?"

"தரை ஆடுச்சு சார். அதுல உடைஞ்சிடுச்சு."

கீழே முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொட்டிலைப் பார்த்தார், தொட்டிலுக்கு மேல் கட்டியிருந்த தபால் பையைப் பார்த்தார். "ஏன் சார், இந்தப் பாப்பா என்ன வெயிட் இருக்கும்? இது குதிச்சு அந்த ரூம் கண்ணாடி உடையுதுன்னா, இங்க எப்படி சார் குடும்பத்த வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா இன்ஜினியருக்குக் கொண்டுவந்த காபியோடு கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மறுபடி இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"ஆமா சார். நாள் முழுக்கக் குதிச்சுக்கிட்டேதான் இருப்பா. சொன்னா கேக்க மாட்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி ஒட்டிய பிறகு நான் குதித்தது அந்த ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான். கயிற்றைப் பிடுங்கி வைத்தவரே அவர்தான். ஃபாதர் பேச்சைக் கேட்டு உண்மையைச் சொன்னதற்கு, என் அப்பா என் தலையிலேயே பொய்யைக் கட்டுகிறாரே என்று தேம்பித் தேம்பி அழுதேன். இன்ஜினியர் எழுத ஆரம்பித்தார்.

ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது. கவுண்டரின் பித்தளைக் கம்பியைக் கழற்றி லாரியில் போட்டார்கள். தபால்காரர் குதிரை வளையத்திலிருந்து சைக்கிளை அவிழ்த்துக்கொண்டு, "உன்னால இல்ல பாப்பா, பக்கத்துல பள்ளம் நோண்டுனான் பாரு, அந்தக் கம்னாட்டியால. நீ அழுவாத" என்றார். அவர் நல்ல மனதுக்குச் சொன்னதை நான் நம்பவில்லை.

வேளச்சேரியில் ஒரு ஃப்ளாட்டுக்கு வாடகைக்குப் போனோம். புது வீடு, ஓதம் கிடையாது, கூரையில் ஒரு கீறல் கிடையாது. தம்பிக்கு இருமல் நின்றது. அப்பாவை ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் மாடியில் இருந்த ஆபீசுக்கு மாற்றினார்கள். அலுமினியத் தடுப்புக்குள் உட்கார்ந்து ஸ்டாம்ப் கொடுத்தார், மீதி கொடுத்தார், ஒருவரிடமும் ஒரு கதையும் சொல்லவில்லை. சொல்ல அங்கே என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் சாந்தோமுக்கு வருவோம். பஸ் ஸ்டாப்பிலிருந்து பழைய தெரு வழியாகப் போனால் பக்கம். அப்பா சுற்றிக்கொண்டுதான் போவார்.

வீட்டிலும் பேச்சுக் குறைந்துவிட்டது. சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. "சோறு போடவா?", "ம்." "மழை வரும்போல இருக்கு", "ம்." அவ்வளவுதான். கட்டடத்தைப் பற்றி மூச்சே விட மாட்டார்கள். என் தப்புக்கு என்னைத் திட்டாமல் இப்படித் தண்டிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பள்ளியில் யாராவது கயிற்றை நீட்டினால் கால் வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

கட்டடம் இன்னும் விழவில்லை. வாசலில் பூட்டு, அபாயம் என்று ஒரு போர்டு, மேலே கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று மரமாகிவிட்டது. போன மாதம்கூட ஆட்டோவில் போகும்போது பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை புயல், எத்தனை வெள்ளம்! வேளச்சேரியில் எங்கள் ஃப்ளாட்டுக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர் வந்தது. அது அசையாமல் நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த மத்தியானம், அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "அந்த பில்டிங்க விட்டு வந்ததுலேர்ந்தே அப்பா பாதி செத்துட்டாரும்மா. எல்லாம் என்னாலதான்" என்றேன்.

"உன்னால இல்லடி" என்றாள். "நான்தான் உடைச்சேன்."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவள் நிமிர்ந்தே பார்க்காமல் சொல்லிக்கொண்டு போனாள். "அன்னிக்கு மத்தியானம் தொட்டில்ல இருந்து ஒரு சாண் தள்ளி ஒரு கட்டி விழுந்துச்சு. தேங்கா சைசுக்கு. பை தாங்கியிருக்காது. உங்கப்பாகிட்ட காட்டினா என்ன சொல்வாரு? சுண்ணாம்புன்னா உதிரும்பாரு. எத்தன தடவ காட்டுறது? சப்பாத்திக் கட்டைய எடுத்துட்டு வந்து ஒரே போடு. நீ வந்து நான் நான்னு நிப்பேன்னு நான் கண்டேனா?"

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன. செவுரு நகர்ந்தா கண்ணாடி தூளாவாதாம்டி. மயிரிழையா ஒரு கோடு விழுமாம், அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்குமாம். ஒட்டின அன்னிக்கே அந்த இன்ஜினியரு உங்கப்பாவுக்குச் சொல்லியிருக்காரு. எனக்கு யாரு சொன்னா? எல்லாம் எழுதி முடிச்சுட்டுப் போறப்ப, படியில நின்னு எங்கிட்ட சொன்னாரு. 'சாருக்கும் தெரியும்மா. சீக்கிரம் சாமானக் கட்டுங்க'ன்னுட்டு எறங்கிப் போய்ட்டாரு."

அப்படியானால் அப்பா அந்த வெள்ளிக்கிழமையே, தரையில் குந்தி உட்கார்ந்து துண்டுகளைப் பார்த்தபோதே, யாரோ அடித்து உடைத்தது என்று கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் முழுக்க அது யார் என்று யோசிக்கப் பயந்திருக்கிறார். ஞாயிறு என்னைத் தூக்கிக் கொண்டாடியது, உடைத்தது நான்தான் என்பதற்காக. அம்மா இல்லை என்பதற்காக. திங்கட்கிழமை நான் ஸ்கிப்பிங் என்று வாயைத் திறந்ததும் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அந்த இடத்தில் அவர், 'இல்ல சார், இது யாரோ அடிச்சு உடைச்சது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புதுக் கண்ணாடி ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் உயிராக நினைத்த கட்டடம் அவருக்கே இருந்திருக்கும். சொல்லவில்லை.

கோபம் வந்தது, பொய் சொல்வானேன். இருபது வருடம் என்னைச் சுமக்க விட்டீர்களே என்று கத்தினேன். "ஏன்மா, அப்பாகிட்டயாவது நீயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அம்மா களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் பிடித்தாள். "அவரு கேட்டா சொல்லிரணும்னுதான் இருந்தேன். சாமான் ஏத்துறப்ப கேப்பாருன்னு பார்த்தேன். இங்க வந்து பால் காய்ச்சினப்ப கேப்பாருன்னு பார்த்தேன். அப்புறம் தெனம் சோறு போடறப்ப பார்த்தேன். நீ சாப்பிட்டு எழுந்து உள்ள போனதும் கேப்பாரு, உன் எதிர்ல வேணாம்னு இருக்காருன்னு நெனைச்சுக்குவேன். கேக்கவே இல்லடி."

அந்த வீட்டில் நான் எல்லாருக்கும் முன்னால் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போய்விடுவேன். அவர்கள் பேசாமல் இருப்பது என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று நினைத்தேன். நான் போய்க் கதவைச் சாத்திய பிறகு, ஒவ்வொரு ராத்திரியும், கையில் கரண்டியோடு அம்மா கொஞ்ச நேரம் அவர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியாது.